பழைய கணிப்பொறியும் படம் சுருக்கும் மென்பொருளும்

கூட்டுறவுச் சங்க அலுவலகங்களிலே ஒரு மேசைக் கணிப்பொறியேனும் இல்லாத இடம் இன்று அரிது. கணக்கு எழுதவும் கடிதம் அச்சிடவும் வாங்கப்பெற்ற அப்பொறியின்மீது இப்பொழுது மற்றொரு பொறுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. நெசவு முறைகளையும் பயிர்த்தொழில் முறைகளையும் கைப்பேசியால் வீடியோப் படமாகப் பிடித்து, அவற்றை உறுப்பினர்க்குக் காட்டுவதும், பின்வருவோர்க்கெனக் காத்து வைப்பதும் பல சங்கங்களில் வழக்கமாகி வருகின்றன. படம் பிடித்தல் எளிது; பிடித்த படத்தைப் பழுதின்றிச் சுருக்கிச் சேமித்தல் அத்துணை எளிதன்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் வாங்கிய கணிப்பொறியில் இவ்வேலைக்குரிய மென்பொருளை எவ்வாறு தேர்வது, எவ்வாறு நிறுவுவது, எவ்வாறு புதுப்பிப்பது என்பனவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நாம் செய்த பிழை

பிறர்க்கு முறை கூற முற்படுமுன் நாம் செய்த பிழையை ஒப்புக்கொள்வது நலம். நம் சங்கத்து மூத்த நெசவாளர் ஒருவர், மூன்று நாடாக்களைக் கொண்டு சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை வேலையில் கைதேர்ந்தவர். அவர் தறியில் அமர்ந்து அதனைச் செய்துகாட்ட, ஒரு மணி நேரம் படம் பிடித்தோம். கோப்பு 7 ஜி.பி.க்கு மேல் இருந்தது. பென் டிரைவில் ஏற்ற முயன்றோம், ஏறவில்லை. உடனே இணையத்தில் தேடி, முதலிற் கண்ணில் பட்ட இடத்திலிருந்து ஒரு மென்பொருளை இறக்கினோம். நிறுவும்போது அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் படித்துப் பாராமலே 'ஆம்' என்று அழுத்தினோம். படம் 300 எம்.பி.யாகச் சுருங்கியது. அந்த மகிழ்ச்சியில், இடம் வேண்டுமென்று மூலக் கோப்பை அழித்துவிட்டோம்.

மறுநாள் படத்தை முழுவதும் பார்த்தபொழுதுதான் உண்மை விளங்கிற்று. நாம் நிறுவியது விலை கொடாதவர்க்கென விடப்பட்ட மாதிரிப் பதிப்பு. ஆதலால், அம்மென்பொருளின் பெயர் படத்தின் நடுவே, நெசவாளரின் விரல்கள் இயங்கும் இடத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மறையாத இடத்திலும் இழைகள் ஒன்றோடொன்று குழைந்து கஞ்சி படிந்தாற்போலத் தோன்றின. கணிப்பொறியைத் திறக்குந்தோறும் வேண்டாத விளம்பரங்களும் வரலாயின. போனது போகட்டும், மீண்டும் ஒருநாள் பிடித்துக்கொள்வோம் என்று இருந்தோம். அடுத்த மாதமே அப்பெரியவர் காலமானார். அவர் கைவேலையின் சான்றாக இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது அந்தப் பழுதுற்ற கோப்பு ஒன்றே.

இப்பிழையில் நான்கு கூறுகள் உள்ளன. பொறியின் தன்மையை அறியவில்லை, மென்பொருளை உரிய இடத்திலிருந்து பெறவில்லை, சிறு பகுதியில் சோதிக்கவில்லை, மூலத்தைக் காக்கவில்லை. இந்நான்கையும் முறையே பார்ப்போம். அதற்குமுன் சுருக்குதல் என்பது இன்னதென அறிதல் வேண்டும்.

சுருக்குதல் என்றால் என்ன?

இன்றைய கைப்பேசிகள் பிடிக்கும் படத்தில் ஒரு சட்டம் பெரும்பாலும் 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடையது. அதாவது ஏறத்தாழ 20 இலட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும். நொடிக்கு 25 சட்டங்கள் என்று கொண்டால், ஒரு நொடிப் படத்துக்கு 155 எம்.பி.யும், ஒரு மணி நேரப் படத்துக்கு 560 ஜி.பி.யும் தேவைப்படும். இதனை எந்தக் கைப்பேசியும் தாங்காது. ஆகவே, கைப்பேசி படம் பிடிக்கும்போதே ஒருமுறை சுருக்கிவிடுகிறது. நாம் கணிப்பொறியில் செய்வது இரண்டாம் சுருக்கம்.

சுருக்கம் இருவகையால் நிகழ்கிறது. தறியைப் படம் பிடிக்கும்போது சுவரும் தரையும் தறிக்கால்களும் அசைவதில்லை; நாடாவும் கைகளும் விழுதுகளுமே அசைகின்றன. அசையாதவற்றை ஒருமுறை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த சட்டங்களில் மாறியவற்றை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். இது முதல் வகை. கண் எளிதில் உணராத நுண்ணிய வேறுபாடுகளைக் கழித்துவிடுவது இரண்டாம் வகை. இவ்வாறு கழித்தது மீண்டும் வாராது. நகலுக்கு நகல் எடுக்க எழுத்து மங்குவதுபோல, சுருக்கியதை மேலும் சுருக்கப் படம் மங்கும். எனவே, சுருக்கம் எப்பொழுதும் மூலத்திலிருந்தே செய்யப்படல் வேண்டும்.

சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் உரிய விதிமுறையைக் கோடெக் என்பர். இன்று பெருவழக்கிலுள்ளவை மூன்று. 2003இல் வெளிவந்தது எச்.264. 2013இல் எச்.265 வந்தது. 2018இல் ஏ.வி.1 வந்தது. பின்வந்தது ஒவ்வொன்றும் அதே தரமுள்ள படத்தை மேலும் சிறிய கோப்பில் அடக்கவல்லது. ஆனால், அதற்கு ஈடாகப் பன்மடங்கு மிகுந்த கணக்கீட்டைப் பொறியிடம் கேட்கும். பழைய பொறியில் ஏ.வி.1 முறையில் ஒரு மணி நேரப் படத்தைச் சுருக்க நாட்கணக்கில் காத்திருக்க நேரலாம். சுருக்கிய படமும் பழைய பொறியில் விட்டுவிட்டு ஓடும். எச்.264 முறையிலமைந்த படமோ பழைய கணிப்பொறி, கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் ஓடக்கூடியது. ஆகவே, பழைய பொறிக்கு எச்.264 முறையே தக்கது என்பது நம் கருத்து.

தக்க மென்பொருள்கள்

இவ்வேலைக்கு விலையின்றிக் கிடைக்கும் நல்ல மென்பொருள்கள் உள்ளன. ஃபாப்ரீஸ் பெல்லார் என்பவர் 2000இல் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் அவற்றுள் ஒன்று. அது கட்டளைகளைத் தட்டெழுதி இயக்குவது, பழகியவர்க்கே எளிது. எரிக் பெத்தி என்பவர் 2003இல் தொடங்கிய ஹேண்ட்பிரேக், பொத்தான்களை அழுத்தி இயக்கத்தக்கது, புதியவர்க்கு ஏற்றது. இவ்விரண்டும் எச்.264 சுருக்கத்துக்கு எக்ஸ்264 என்னும் ஒரே உட்கருவியைப் பயன்படுத்தவல்லன. சுருக்கிய படத்தைப் பார்ப்பதற்கு வி.எல்.சி. போதும். இது பாரிஸ் நகரின் ஈக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சியின் விளைவு.

இவையெல்லாம் பலர் கூடி உழைத்து, அமைப்பின் மூலத்தையும் மறைக்காமல், யாவரும் பயன்கொள்ள விட்டவை. இவற்றில் மாதிரிப் பதிப்பு, விலைப்பதிப்பு என்ற வேறுபாடில்லை. படத்தின்மேல் எவர் பெயரும் பொறிக்கப்படுவதில்லை. கூட்டுறவாளராகிய நாம் மகிழத்தக்க செய்தி இது.

முதற்படி: பொறியை அறிதல்

மென்பொருளைத் தேடுமுன் பொறியின் இயல்புகளை ஒரு தாளில் குறித்துக்கொள்க. விண்டோஸ் பொறியில், கம்ப்யூட்டர் என்ற படக்குறியின்மேல் வலப்பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால், இவற்றுட் பெரும்பாலானவை தெரியவரும்.

முதலாவது, இயக்க முறைமை. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அதனை வெளியிட்டோர் அளித்த பாதுகாப்பு உதவி 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு அளித்த பொதுவான உதவி 2020 சனவரியிலும், விண்டோஸ் 10க்கு அளித்தது 2025 அக்டோபரிலும் முடிவுற்றன. இரண்டாவது, பொறி 32 பிட்டா, 64 பிட்டா என்பது. இன்றைய ஹேண்ட்பிரேக் 64 பிட் பொறியில் மட்டுமே இயங்கும். மூன்றாவது, நினைவகத்தின் அளவு. நான்காவது, ஹார்டு டிஸ்கில் எஞ்சியுள்ள இடம். மூலமும் நகலும் ஒருசேர இருக்கவேண்டுமாதலால், மூலத்தைப்போல் ஒரு மடங்கேனும் வெற்றிடம் இருத்தல் நலம். ஐந்தாவது, செயலியின் தலைமுறை. 2000இல் பென்டியம் 4 உடன் வந்த எஸ்.எஸ்.இ.2 என்னும் கட்டளைத் தொகுதி இல்லாத செயலிகளில் இக்காலத்து மென்பொருள்கள் பல திறக்கவே மாட்டா.

இரண்டாம் படி: ஏற்ற பதிப்பைத் தேர்தல்

'புதியதே சிறந்தது' என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பழைய பொறியைப் பொறுத்தவரை இது முழு உண்மையன்று. சான்றாக, ஹேண்ட்பிரேக்கின் 1.3 வரிசை விண்டோஸ் 7இல் இயங்கியது, 1.4 வரிசை முதல் விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் 7 உள்ள பொறியில் புதிய பதிப்பை நிறுவ முயன்று தோற்றவர்கள், பொறி கெட்டுவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். பொறி கெடவில்லை, பதிப்பே பொருந்தவில்லை.

பதிப்பு ஒவ்வொன்றோடும் அதற்கு வேண்டிய இயக்க முறைமை, நினைவகம் முதலியன இன்னவை என்று அதனை உருவாக்கியோர் எழுதியிருப்பர். நாம் குறித்த தாளோடு அதனை ஒப்பிட்டு, நம் பொறிக்குப் பொருந்தும் பதிப்புகளுள் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தியதை எடுத்தால், திருத்தப்பட்ட குறைகளை வலிந்து ஏற்றவராவோம். பிந்தியதை எடுத்தால் அது இயங்காது.

மூன்றாம் படி: உரிய இடத்திலிருந்து பெறுதல்

மென்பொருளின் பெயரைத் தேடினால், அதனை அளிப்பதாகக் கூறும் தளங்கள் பல வரும். அவற்றுட் சில, நாம் கேட்டதோடு கேளாதவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவன. ஆகவே, உருவாக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். ஹேண்ட்பிரேக்கின் தளமுகவரி, அப்பெயரை அடுத்துப் புள்ளியிட்டு எஃப்.ஆர். என்னும் இரண்டெழுத்துகளோடு முடிவது.

உரிய இடத்திலிருந்து பெற்றாலும் சோதித்தல் தேவை. 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக்கைத் தரும் இரு வழங்கிகளுள் ஒன்றில் தீயோர் புகுந்து, மாக் கணிப்பொறிகளுக்கான கோப்பை எடுத்துவிட்டு, திருட்டு நிரல் கலந்த கோப்பை வைத்துவிட்டனர். மே 2 முதல் 6 வரை அதனை இறக்கியவர்களிற் பலர் அறியாமலே அதற்கு இரையாயினர். உருவாக்கியோர் வெளியிட்டிருந்த சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பார்த்திருந்தால் வேறுபாடு புலப்பட்டிருக்கும்.

சரிபார்ப்பு எண் என்பது கோப்பு முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் அடையாளம். எஸ்.எச்.ஏ.256 என்னும் முறையில் அது 64 குறிகள் கொண்டது. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் இவ்வடையாளம் முற்றிலும் மாறிவிடும். விண்டோஸுடன் வரும் செர்ட்யூட்டில் என்னும் கருவி அதனைக் கணக்கிட்டுத் தரும். தளத்திலுள்ள எண்ணும் நாம் பெற்ற எண்ணும் ஒன்றாயிருந்தால் மட்டுமே நிறுவுக. முதல் எட்டுக் குறிகளையும் கடைசி எட்டுக் குறிகளையும் மட்டும் பார்த்து நிறைவுறாமல், முழுவதும் ஒப்பிடுக.

நிறுவுகையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் படித்து விடை தருக. வேறொரு மென்பொருளையும் சேர்த்து நிறுவலாமா என்று கேட்டால் மறுத்துவிடுக. கோடெக்குகள் பலவற்றை ஒரே கட்டாகத் தரும் தொகுப்புகளும் வேண்டுவதில்லை, ஹேண்ட்பிரேக்கும் வி.எல்.சி.யும் தமக்கு வேண்டிய கோடெக்குகளைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன.

புதுப்பித்தல் பற்றி

புதுப்பித்தலுக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. ஒன்று, பாதுகாப்புக் குறைகளை நீக்குதல். மற்றொன்று, புதிய வசதிகளைப் பெறுதல். முன்னையது இன்றியமையாதது; பின்னையது விருப்பத்தைப் பொறுத்தது. இயக்க முறைமைக்குப் பாதுகாப்பு உதவி தொடரும் பொறியில் மென்பொருளைக் காலந்தாழ்த்தாது புதுப்பித்தலே முறை. உதவி முடிந்துவிட்ட பொறியிலோ, பொருந்தும் கடைசிப் பதிப்போடு நின்றுவிட வேண்டியிருக்கும். அத்தகைய பொறியை இணையத்தோடு இணைக்காமல், படம் சுருக்குதல் போன்ற வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. மென்பொருளை வேறொரு நல்ல பொறியில் இறக்கி, சரிபார்த்து, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம். வெளியிலிருந்து வரும் ஐயத்துக்குரிய கோப்புகளை அதில் திறக்கலாகாது.

மற்றொரு வழியும் உண்டு. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயக்க முறைமைகளுள் ஒன்றை நிறுவினால், பழைய பொறிக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். டெபியன் போன்றவற்றில் மென்பொருள்கள் ஒரே பண்டகசாலையிலிருந்து கையொப்பச் சோதனைக்குப் பின்னரே நிறுவப்படுகின்றன. ஆயினும், சங்கத்தின் கணக்கு மென்பொருள் அதில் இயங்குமா என்பதை முதலில் தெளிந்து, எல்லாக் கோப்புகளுக்கும் நகல் எடுத்துக்கொண்ட பின்னரே இதில் இறங்குக.

புதுப்பிக்குமுன் மூன்று செயல்கள் வேண்டும். புதிய பதிப்பின் தேவைகளைப் படித்தல் ஒன்று. பழைய பதிப்பின் நிறுவற்கோப்பைச் சரிபார்ப்பு எண்ணோடு பத்திரப்படுத்தல் இரண்டு. கையிலுள்ள சுருக்க வேலையை முடித்துவிடுதல் மூன்று. புதுப்பித்தபின், முன்பு சோதித்த அதே ஒரு நிமிடப் படத்தை மீண்டும் சுருக்கி, காலத்தையும் தரத்தையும் ஒப்பிடுக. குறை தோன்றினால் பழையதற்குத் திரும்ப வழியிருக்கும்.

நான்காம் படி: ஒரு பிடியில் சோதித்தல்

விதைப்புக்கு முன் ஒரு பிடி விதையை நனைத்து முளைப்புத் திறனை அறிவது உழவர் வழக்கம். படத்திலும் அவ்வாறே செய்க. ஹேண்ட்பிரேக்கில் எந்த நொடி முதல் எந்த நொடிவரை சுருக்கவேண்டும் என்று குறிக்கலாம். மிகக் கடினமான பகுதியை, அதாவது இழைகளும் விரல்களும் விரைந்து அசையும் ஒரு நிமிடத்தைத் தேர்ந்து சுருக்கிப் பார்க்க. அந்த ஒரு நிமிடத்துக்கு நான்கு நிமிடம் பிடித்தால், ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தரத்தைக் குறிக்கும் எண், எக்ஸ்264இல் சிறிதானால் தரம் மிகும், கோப்பும் பெரிதாகும். 1080 புள்ளி உயரப் படத்துக்கு 20 முதல் 24 வரை பொருத்தம். இழை தெரியவேண்டிய படத்துக்கு 20 வைக்கலாம். கூட்டத்தில் ஒருவர் பேசும் படத்துக்கு 24 போதும். விரைவைக் குறிக்கும் அளவையும் மாற்றலாம். மெதுவான அளவு கோப்பைச் சிறிதாக்கும். பழைய பொறியில் காலத்தை மிகுதியாக விழுங்கும். பேச்சுப் படமாயின் உயரத்தை 720 புள்ளியாகக் குறைப்பது மற்றொரு வழி. புள்ளிகள் பாதிக்கும் குறைவாகிவிடுதலால் வேலை விரைவில் முடியும்.

சுருக்கும்போது செயலி இடைவிடாது முழு வலிமையோடு உழைக்கும், ஆதலால் சூடேறும். பஞ்சுத்தூசி படிந்த விசிறியோடு பழைய பொறியை நான்கு மணி நேரம் ஓட்டினால் அது நடுவில் நின்றுவிடக்கூடும். மின்னிணைப்பைத் துண்டித்து, தூசியைத் துடைத்த பின்னரே தொடங்குக. மின்தடையும் ஓர் இடர். எம்.பி.4 வகைக் கோப்பில் அதன் அட்டவணை பெரும்பாலும் வேலை முடிவில் எழுதப்படுவதால், நடுவில் மின்சாரம் நின்றால் அதுவரை சுருக்கியதும் திறவாது போகும். எம்.கே.வி. வகையில் அதுவரை எழுதப்பட்டது பெரும்பாலும் பிழைக்கும். யு.பி.எஸ். இல்லாத இடத்தில் எம்.கே.வி. தேர்தல் நன்று.

நம் 7 ஜி.பி. கோப்பு பென் டிரைவில் ஏறாத காரணத்தையும் இங்கே கூறிவிடுவோம். ஃபாட்32 என்னும் முறையில் அமைந்த பென் டிரைவ், 4 ஜி.பி.யை எட்டும் எந்தத் தனிக் கோப்பையும் ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறையில் அதனை மீண்டும் அமைத்திருந்தால் மூலமே ஏறியிருக்கும். இச்சிறு செய்தியை அறியாமையே நம்மை அவசரத்தில் தள்ளியது.

மூலம் விதைநெல்

படத்தின் மூலக் கோப்பு விதைநெல் போன்றது. சுருக்கிய நகல், குத்தி உண்ணும் அரிசி. அரிசி கையிலிருக்கிறதென்று விதைநெல்லை எவரும் எரிப்பதில்லை. மூலத்தை வெவ்வேறு இடங்களிலுள்ள இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைத்துக் காத்தல் வேண்டும். ஒன்று அலுவலகத்திலிருந்தால் மற்றொன்று வேறோர் ஊரில், பொறுப்புள்ளவர் ஒருவரிடம் இருக்கட்டும். நாளை இதனினும் சிறந்த கோடெக் வரும்போது, மூலம் உள்ளவர்க்கே அதன் பயன் கிட்டும். சுருக்கிய நகலையும் முதலிலிருந்து இறுதிவரை ஒருவர் அமர்ந்து பார்த்து, ஒலியும் படமும் ஒத்துள்ளனவா என்று கண்டு, தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதுவாராக.

கைவினைஞர் ஒருவரின் ஐம்பதாண்டு அனுபவம் ஒரு மணி நேரப் படத்துள் அடங்கி நம் கைக்கு வருகிறது. பழைய கணிப்பொறி அதனைக் காக்கப் போதுமானதே. படத்தைத் தந்தவரை மீண்டும் தறியில் அமர்த்த நம்மால் இயலாது என்பதை மட்டும், அழித்தற்பொத்தானை அழுத்துமுன் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்வோமாக.

கூடி ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கக் கணிப்பொறியின் இயக்க முறைமை எது? அதற்குப் பாதுகாப்பு உதவி இன்னும் உண்டா?

2. புதிய பதிப்பு பழைய பொறிக்கு எப்பொழுதும் சிறந்தது என்று கூறலாமா? காரணம் தருக.

3. 2017இல் ஹேண்ட்பிரேக்குக்கு நேர்ந்ததிலிருந்து நாம் அறிவது யாது?

4. மின்தடை மிகுந்த ஊரில் எந்த வகைக் கோப்பைத் தேர்வீர்? ஏன்?

5. நம் சங்கத்தில் இதுவரை பிடித்த படங்களின் மூலக் கோப்புகள் எங்கே, எவர் பொறுப்பில் உள்ளன?